மாஸ்டரைப் பார்ப்பதற்கு முன் கடைசி வரிசையைப் பாருங்கள்

கராத்தே நல்லதா, குங்ஃபூ நல்லதா, பேசாமல் பாக்ஸிங் போய்விடலாமா? தற்காப்புக் கலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற எல்லோரும் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். நானும் உடைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, எது எதை ஜெயிக்கும் என்று முன்பின் தெரியாதவர்களோடெல்லாம் வாதாடி, ஒருவழியாக ஒரு கலையை முடிவு செய்தேன். அதைச் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று கண்ணில் பட்டதும் நேராகப் போய் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டேன். ஆறாவது வாரத்தோடு போவதை நிறுத்தினேன். கலையில் ஒரு குறையும் இல்லை, அதே கலையைத்தான் இப்போதும் வேறொரு இடத்தில் செய்துகொண்டிருக்கிறேன், வருடங்கள் ஓடிவிட்டன. இடம்தான் சரியில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சாயங்காலம் போதும், பணம் கட்டுவதற்கு முன்னால் ஓரமாக உட்கார்ந்து ஒரு கிளாஸைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் எந்தக் கலை என்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, எந்த இடம் என்பதற்கு வந்துவிடுகிறேன்.

மேலோட்டமாகச் சொன்னால் கலைகள் இரண்டு வகை: அடிக்கிறவை, பிடிக்கிறவை. பாக்ஸிங்கில் கை மட்டும். தாய்லாந்தின் முவே தாயில் முஷ்டி, முழங்கை, முழங்கால், முன்னங்கால் எலும்பு எல்லாமே ஆயுதம். டேக்வாண்டோவில் உதைதான் பிரதானம். ஜூடோவில் தூக்கிப் போடுவதும் தரையில் அமுக்கிப் பிடிப்பதும், பிரேசிலியன் ஜுஜிட்சுவில் பெரும்பாலான நேரம் தரையில் உருண்டுகொண்டு பிடி போடுவதும். சிலம்பம் மாதிரி ஆயுதத்தைக் கையில் எடுக்கிறவை தனி உலகம். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கராத்தே என்ற ஒரே பெயருக்குள் ஷோட்டோகானும் இருக்கிறது, கியோகுஷினும் இருக்கிறது. முன்னதில் பெரும்பாலும் அடியை உடம்பில் இறக்காமல் கட்டுப்படுத்தி நிறுத்தப் பழக்குவார்கள். பின்னதில் கவசம் இல்லாமல் நெஞ்சிலும் தொடையிலும் முழு பலத்தோடு இறக்குவார்கள், முகத்தில் கையால் குத்த மட்டும் கூடாது, காலால் தலையில் உதைக்கலாம். இரண்டும் கராத்தேதான், இரண்டாவதில் முதல் மாதம் மாடிப்படி ஏறுவதே பெரிய காரியமாக இருக்கும்.

போட்டிக்குப் போக வேண்டும் என்பது ஆசையானால் இதையும் கவனியுங்கள்: ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது 1964இல், டேக்வாண்டோ பதக்கப் போட்டியானது 2000இல், கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு 2024 பாரிஸில் காணாமல் போய்விட்டது. ஐகிடோவின் பெரும்பாலான பிரிவுகளில் போட்டி என்பதே கிடையாது. எனவே நீங்கள் சேரும் பள்ளி எந்தக் கூட்டமைப்போடு இணைந்திருக்கிறது, அங்கிருந்து யாராவது போட்டிகளுக்குப் போகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உடம்பு இளைத்தால் போதும், வேலை முடிந்து மனசு லேசானால் போதும் என்பவர்களுக்கு இந்த விசாரணையெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே நல்ல பள்ளி. சிரிக்காதீர்கள், ஒரு மணி நேரம் பயணம் செய்து போக வேண்டிய உலகத்தரப் பள்ளியைவிட வாரம் மூன்று நாள் போக முடிகிற சுமாரான பள்ளி எவ்வளவோ மேல்.

சரி, போய்ப் பார்ப்பது எப்படி?

போன் செய்து, ஆரம்ப நிலை கிளாஸ் எந்த நாள், உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இலவசமாக ஒரு கிளாஸில் சேர்ந்தும் பார்க்கலாம் என்று பல இடங்களில் அவர்களே சொல்வார்கள். பார்க்கவே விடமாட்டோம், சேர்ந்த பிறகுதான் என்றால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

போய் உட்கார்ந்ததும் உங்கள் கண் தானாகவே முன்வரிசைக்கு ஓடும். கருப்பு பெல்ட் கட்டிக்கொண்டு பறந்து பறந்து உதைக்கிறவரைப் பார்ப்பீர்கள், இல்லை மாஸ்டரைப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் பார்த்து ஏமாந்தேன். அந்த முன்வரிசை ஆள் பிறவியிலேயே துடியானவராக இருக்கலாம், வேறெங்கோ பத்து வருடம் கற்றுவிட்டு வந்தவராக இருக்கலாம், அவரை வைத்து அந்தப் பள்ளியை எடை போட முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி வரிசையை. பெல்ட் வரிசைப்படி நிற்கும் பள்ளிகளில் புதிதாக வந்தவர்கள் நிற்பது அங்கேதான். கொஞ்சம் குண்டாக, இடது வலது குழம்பிக்கொண்டு, பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அடுத்த மாதம் அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

நான் இப்போது போகும் இடத்தில் முதல் நாள் பார்த்த காட்சி இது. ஐம்பது வயது இருக்கும் ஒருவர், சேர்ந்து சில நாள்தான் ஆகியிருக்கும், பெல்ட்டின் ஒரு நுனி முழங்கால் வரை தொங்குகிறது, இன்னொரு நுனி இடுப்பிலேயே நின்றுவிட்டது. அவரோடு ஜோடி சேர்ந்தவர் பிரவுன் பெல்ட், வயதில் பாதிகூட இருக்காது. தூக்கிப் போடும் பயிற்சி. அந்தப் பையன் அவரைச் சுழற்றினான், ஆனால் விழுகிற நேரத்தில் அவருடைய சட்டைக் கையை விடவே இல்லை, மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடியே இறக்கினான். தலை தரையில் படாமல் இருக்க அப்படிப் பிடிப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அப்புறம் அவர் முறை, மூன்று தடவை தப்பாகச் செய்தார், பையன் மூன்று தடவையும் ஒன்றும் சொல்லாமல் காலை எங்கே வைக்க வேண்டும் என்று தன் காலால் தள்ளிக் காட்டினான். மாஸ்டர் அந்தப் பக்கம் வரவே இல்லை. வராதபோதும் அப்படி நடக்கிறது என்பதுதான் விஷயம்.

என் பழைய இடத்தில் என்ன நடந்தது என்றால், மாஸ்டர் முன்வரிசையோடு நின்றுவிடுவார். பின்னால் இருக்கும் எங்களைச் சீனியர்கள் கையில் விட்டுவிடுவார், அவர்கள் புதிய உதையைப் பரிசோதித்துப் பார்க்க எங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டாவது வாரமே ஸ்பாரிங், அதாவது எதிரே ஓர் ஆளோடு மோதிப் பழகுவது. எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. ஒரு சீனியர் விலாவில் இறக்கிய அடியில் பத்து நாள் தும்ம முடியவில்லை. தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அடி விழுவதைப் பற்றி இங்கே புகார் சொல்லவில்லை, இந்த வேலையில் அடி விழும். தற்காத்துக்கொள்ளச் சொல்லித்தருவதற்கு முன்பே விழுந்தது என்பதுதான் புகார்.

கடைசி வரிசையைப் பார்த்து முடித்ததும் இன்னும் சில விஷயங்களையும் கவனிக்கலாம். தரை சுத்தமாக இருக்கிறதா? வியர்வை வாடை இருக்கும், அது பரவாயில்லை, புளித்துப்போன வாடை இருந்தால் மேட்டை (mat, தரை விரிப்பு) துடைப்பதே இல்லை என்று அர்த்தம். கழிப்பறைக்கு வெறுங்காலோடு போய்விட்டு அப்படியே மேட்டில் ஏறுகிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா, இருந்தால் தொடர்ந்து வருகிறவர்களா? யாருக்காவது அடிபட்டால் மாஸ்டர் கிளாஸை நிறுத்திப் பார்க்கிறாரா, இல்லை கிண்டல் செய்துவிட்டுப் போகிறாரா? ஒரு கிளாஸில் இதெல்லாம் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் இன்னொரு நாள் போய் உட்காருங்கள்.

கிளாஸ் முடிந்து எல்லோரும் பையை எடுத்து வைக்கும் நேரத்தில் மாஸ்டரிடம் பேசலாம். மாதப் பணம் எவ்வளவு என்பது எல்லோரும் கேட்பது. கேட்க மறப்பது மற்ற செலவுகளை: பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணமா, சீருடையை அவர்களிடமேதான் வாங்க வேண்டுமா, வருடச் சந்தா என்று தனியாக ஏதாவது உண்டா, அடிபட்டு இரண்டு மாதம் வர முடியாமல் போனால் பணம் என்னாகும், நடுவில் நின்றால் திரும்பக் கிடைக்குமா. எழுத்தில் ஏதாவது கையெழுத்து கேட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆள் தலையாட்டுவார். அப்புறம், நீங்கள் யாரிடம் கற்றீர்கள் என்றும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, பெரும்பாலான மாஸ்டர்கள் தங்கள் ஆசிரியரைப் பற்றி முகம் மலரப் பேசுவார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்புகிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனை நாளில் பிளாக் பெல்ட் வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், பதிலைவிட பதில் சொல்லும் விதம் முக்கியம். இந்த பெல்ட் சமாச்சாரமே ஜூடோவிலிருந்து வந்தது. ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர், 'தான்' (dan) என்கிற படிநிலை முறையை ஜூடோவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷி அதை ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டு 1924இல் முதல் கருப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பொருந்துகிற ஒரே அளவுகோல் என்று எதுவும் இல்லை. ஒரு கராத்தே பள்ளியில் நான்கு வருடத்தில் கிடைப்பது பிரேசிலியன் ஜுஜிட்சுவில் பத்து வருடம்கூட இழுக்கும், அங்கே 19 வயதுக்கு முன் பிளாக் பெல்ட்டே கொடுப்பதில்லை. பாக்ஸிங்கில் பெல்ட் என்றால் அது சாம்பியனுக்கு மட்டும். முதல் கருப்பு பெல்ட்டுக்கு ஜப்பானிய மொழியில் ஷோதான் என்று பெயர், தொடக்கப்படி என்று பொருள். எனவே பன்னிரண்டு மாதத்தில் பிளாக் பெல்ட், பணம் கட்டினால் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் அவர் விற்பது துணி.

ஓட வேண்டிய அறிகுறிகள் இன்னும் உண்டு. "எங்கள் கலை ரொம்ப ஆபத்தானது, அதனால்தான் ஸ்பாரிங் வைப்பதில்லை" என்பார்கள் சிலர். எதிர்த்து நிற்கும் ஓர் ஆளிடம் ஒருமுறைகூடச் செய்து பார்க்காத உத்தி தேவைப்படும் நேரத்தில் கை கொடுக்காது. தொடாமலேயே ஆளை விழவைக்கும் மாஸ்டர்களும் உண்டு, விழுவது எப்போதும் அவருடைய சொந்த மாணவர்கள்தான். வேறு பள்ளிக்குப் போய்ப் பார்க்கக் கூடாது, வேறு கலையைத் தொடக் கூடாது என்று தடை போடுவது, கேள்வி கேட்டால் தண்டனை, தப்பு செய்தால் கம்பால் அடி, மாஸ்டரின் சொந்த வேலைகளுக்கு மாணவர்களை ஏவுவது, இவற்றையெல்லாம் ஒழுக்கம் என்ற பெயரில் மூடி வைப்பார்கள். குனிந்து வணங்குவது, வரிசையில் நிற்பது, பேசாமல் கேட்பது எல்லாம் ஒழுக்கம்தான், எனக்கு அது பிடிக்கவும் செய்யும். பயந்து நடுங்குவது வேறு.

குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கறார் காட்டுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்கிற இடம் வேண்டவே வேண்டாம். மாஸ்டரோ சீனியரோ குழந்தையைத் தனியாக அறைக்குள் அழைத்துப் போவது, தனியாக மெசேஜ் அனுப்புவது, உங்களிடம் சொல்லாதே என்று ஏதாவது சொல்வது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அடுத்த நாளிலிருந்து அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கிளாஸ் பாதி விளையாட்டாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். தலையில் அடி வாங்கும் ஸ்பாரிங்குக்கு அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

முதல் நாள்

எதையும் வாங்காதீர்கள். சீருடை, கையுறை, ஷின் கார்ட் (முன்னங்கால் கவசம்) என்று ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேரை மூன்றாவது மாதம் பார்க்க முடியாது. சாதாரண டீஷர்ட், ஜிப் இல்லாத பேன்ட், ஒரு துண்டு, தண்ணீர் போதும். சேர்வது உறுதியான பிறகு முதலில் வாங்க வேண்டியது, அடிக்கிற கலையாக இருந்தால், மவுத் கார்ட். வெந்நீரில் போட்டு மிருதுவாக்கி வாயில் வைத்துக் கடித்தால் உங்கள் பல்லின் அச்சு விழுகிற வகை கிடைக்கும், தொடங்குகிறவர்களுக்கு அது நன்றாகவே போதும். ஆண்கள் கப்பை (கவட்டைக் கவசம்) மறக்க வேண்டாம், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சீருடை வாங்கும்போது கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள், பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும்.

கை கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், செயின், காதில் போட்டிருப்பது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், மோதிரம் துணியில் மாட்டினால் விரல் போய்விடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். பழைய முதுகு வலி, முழங்கால் அடி, மூச்சிரைப்பு, இதயக் கோளாறு எதுவாக இருந்தாலும் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் குனிந்தால் நீங்களும் குனியுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். தாமதமாகப் போனால் நேராக வரிசைக்குள் புகாமல் ஓரத்தில் நின்று மாஸ்டர் தலையசைத்ததும் சேர்ந்துகொள்ளுங்கள். கட்டா, குமிதே, ரன்டோரி என்று காதில் விழும் சொற்கள் எதுவும் புரியாது, ஒரு மாதத்தில் தானாகப் பிடிபடும்.

பிடிக்கிற கலையில் சேர்ந்தால் முதலில் சொல்லித்தருவது விழுவதற்கு. அதை அலுப்பாக நினைக்காதீர்கள், இத்தனை வருடத்தில் மேட்டுக்கு வெளியே எனக்கு உண்மையிலேயே உதவியது அது ஒன்றுதான், ஈரத் தரையில் வழுக்கியபோது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் இடிக்காது. கையை ஊன்றித் தடுக்கக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். அதற்குப் பதிலாக முழுக்கையையும் உடம்பிலிருந்து சாய்வாக விரித்துத் தரையில் பளாரென்று அறைய வேண்டும், மூச்சை வெளியே விட்டபடி. முதல் வாரம் உள்ளங்கை எரியும்.

அடுத்து டேப் (tap), அதாவது தட்டுவது. மாட்டிக்கொண்டால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று தடவை தட்டினால் அவர் உடனே விட்டுவிட வேண்டும், கை சிக்கியிருந்தால் வாயால் சொன்னாலும் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, பத்து வருட ஆளும் ஒரு மாலையில் நாலு தடவை தட்டுவார். கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களும் சரியாக அழுந்தினால் பத்து வினாடிக்குள் நினைவு தப்பிவிடும், வலிகூடப் பெரிதாக இருக்காது. நான் ஒருமுறை இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நழுவிவிடலாம் என்று நினைத்தேன், அடுத்த நினைவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. குதிகாலைப் பிடித்துத் திருகும் பிடி இன்னும் மோசம், வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கும். அதனால்தான் நல்ல பள்ளிகளில் புதியவர்களிடம் அந்தப் பிடியைப் போடவே விடமாட்டார்கள். பிடி விழுந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தாலே தட்டிவிடுங்கள்.

முதல் கிளாஸைவிட மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உடம்பு வலிக்கும். அது தசை வலி, மூன்று நான்கு நாளில் தானாகப் போய்விடும். மூட்டில் குத்துகிற வலி, வீக்கம், ஒரு பக்கம் மரத்துப்போவது இதெல்லாம் வேறு கணக்கு, டாக்டரிடம் போக வேண்டும். தலையில் அடிபட்டு தலைசுற்றலோ குமட்டலோ மந்தமோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும், "ஒண்ணும் இல்ல, தொடரு" என்று யார் சொன்னாலும் சரி. நானே சொன்னாலும் சரி.

தோலைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பிடிக்கிற கலைகளில் படர்தாமரை சர்வ சாதாரணம். வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு ஏதாவது வந்தால் மருந்து போட்டுக் குணமாகும்வரை கிளாஸுக்குப் போகாதீர்கள், உங்களால் இன்னும் பத்துப் பேருக்கு வரும். கிளாஸ் முடிந்ததும் சீக்கிரம் குளித்துவிடுங்கள். சீருடையை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டும், பெல்ட்டையும்தான். பெல்ட்டைத் துவைத்தால் சம்பாதித்த திறமை கரைந்துவிடும் என்று சொல்கிற சீனியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார், அவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

வாரம் இரண்டு நாள் போனால் போதும், மூன்று என்றால் நல்லது. ஆர்வக் கோளாறில் முதல் வாரம் ஆறு நாளும் போய்விட்டு இரண்டாவது வாரம் கட்டிலில் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்தும் தெருவில் யாரையும் அடித்து வீழ்த்த முடியாது, வம்பு வந்தால் பணப்பையைக் கொடுத்துவிட்டு ஓடுவதுதான் அப்போதும் சரியான உத்தி. ஓடும்போது முன்புபோல் மூச்சு வாங்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், அந்தத் தள்ளுபடி மூன்று மாதம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் மாஸ்டரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுகொள்ளுங்கள், முக்கால்வாசிப் பேர் பெருந்தன்மையாகவே அனுப்பி வைப்பார்கள், சிலர் வேறு நல்ல இடத்தைக்கூடக் காட்டுவார்கள். நான் அப்படிச் சொல்லாமல் சத்தமில்லாமல் நின்றவன். மீதிப் பத்தரை மாதப் பணத்தைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, வருடம் முடியும்வரை அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன்.